எத்தியோப்பியாவில் கற்ற ‘என்று’

காட்பாடிக்கு அருகே நான் இப்போது பாடம் நடத்தும் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேர்கிறது. ‘மை ஃபாதர் செட் தட் ஐ வில் கம் டுமாரோ’ என்று யாரேனும் ஒருவர் எழுதியிருப்பார். மறுநாள் வரப்போவது அப்பா. ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்தைப் படிப்பவருக்கு வரப்போவது மாணவர் என்றுதான் படும். ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் இப்படி ஒன்றைக் கண்டால், சிவப்பு மையால் ‘ஐ’யைச் சுழித்து, மேலே ‘ஹி’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். அந்த வாக்கியம் எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. எத்தியோப்பிய மேட்டுநிலத்து ஊர் ஒன்றில், அதே பிழையை அச்சுப் பிசகாமல் எழுதிய மாணவர் ஒருவரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்ற நாளில்தான் அந்தக் கேள்வி எனக்குப் பிறந்தது.

நான் குடியாத்தத்துக்காரி. அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர். 1954-இல் எங்கள் ஊர்த் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்றுதான் முதலமைச்சர் காமராஜர் சட்டமன்றத்துக்குள் போனார் என்பதைத் தாத்தா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை; அப்பா எட்டாவதோடு நிறுத்தினார்; நான் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து, ஆங்கில இலக்கியம் படிக்க வேலூருக்குப் பேருந்து ஏறினேன். வேலூருக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உறவு பழையது. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் வழியாக இங்கே பள்ளிகளும் மருத்துவமனைகளும் வந்தன. 1898-இல் ஊரீஸ் கல்லூரி வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். அந்த மிஷனுக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் தமிழோ தெலுங்கோ கற்றுக்கொண்டுதான் இந்த மண்ணில் வேலை செய்தார்கள் என்பது நூலகத்தில் படித்து எனக்குத் தெரிந்த செய்தி. ஆனால் ஆங்கிலம் கற்பிப்பவர் தம் மாணவரின் மொழியை அறிந்திருக்க வேண்டும் என்று அந்தச் செய்தியிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதுகலை முடித்து நான் முதலில் சேர்ந்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே வளாகத்துக்குள் தமிழில் பேசிப் பிடிபட்டால் பத்து ரூபாய் அபராதம். ஆங்கிலத் துறையின் இளைய ஆசிரியர் என்பதால் அந்தப் பணத்தை வசூலித்துக் கணக்கு எழுதும் வேலை என்னிடம் தரப்பட்டது, நானும் அதைச் செய்தேன். ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் முதல் மாதத்தில் நான்கு முறை அபராதம் கட்டினான். ஐந்தாவது முறை கட்ட நேரவில்லை, ஏனென்றால் அவன் வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிட்டான். தமிழை நிறுத்தினால் அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்காரும் என்று நாங்கள் நம்பினோம். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது மௌனம். அந்தப் பையனின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. செய்தது தவறு என்று அப்போது தெரியாமல் போனது இன்றும் வலிக்கிறது.

எத்தியோப்பியாவில் புதிதாகப் பல பல்கலைக்கழகங்கள் திறக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹைலே செலாசி பேரரசராக இருந்த நாளிலிருந்தே அந்நாட்டுப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அங்கே நடுத்தர வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தமக்குக் கணக்கோ அறிவியலோ சொல்லித்தந்த ஓர் இந்தியரை நினைவுகூர்வார். சென்னையில் நேர்காணல் முடிந்து ஆணை வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். தறியில் இருந்து இறங்காமலே, “இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம்? நம்ம ஊரு புள்ளைங்களுக்கே இங்கிலீஷு வரல, அங்க போயி யாருக்குச் சொல்லித்தரப் போற?” என்றார். தடுக்கவில்லை. கேட்டது கேள்வியாகவே நின்றுவிட்டது.

2009 அக்டோபரில் போய் இறங்கினேன். பணியில் சேர்ந்ததற்கு அலுவலகம் தந்த கடிதத்தில் ஆண்டு 2002 என்று இருந்தது. அவர்களுடைய நாட்காட்டிக்குப் பதின்மூன்று மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது முப்பது நாளும், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாளும் உண்டு. ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் நிற்கும். புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கிறது. முதல் வாரத்தில் வகுப்புத் தலைவர் வந்து, நாளை வகுப்பு இரண்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் இரண்டுக்குப் போனால் அறை காலியாக இருந்தது. அவர்கள் காலை எட்டு மணிக்கே வந்து, ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள். பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவது அந்த நாட்டு வழக்கம். நம்முடைய காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. எனக்கு வெட்கமாக இருந்ததைவிட வியப்பாக இருந்தது அதிகம், ஏனென்றால் எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் நாழிகை சூரிய உதயத்திலிருந்துதான் எண்ணப்படுகிறது.

வருகைப் பதிவேடும் அப்படித்தான். ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் அப்பா பெயர், அதற்குப் பின் தாத்தா பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த ஆசிரியர்கள் இரண்டாவது பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி மாணவரை அவருடைய அப்பாவின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா பெயரை முன்னெழுத்தாகச் சுமந்து வளர்ந்த எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வகுப்புக்கு வருகிறேன். அறுபத்தைந்து பேர். எத்தியோப்பியாவில் தொடக்கப் பள்ளி தாய்மொழியில் நடக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஆங்கிலவழி. உயர்நிலைப் பள்ளிகளில் செயற்கைக்கோள் வழியாக வரும் ஆங்கிலப் பாடங்களைப் பெரிய திரைகளில் காட்டும் திட்டம் ஒன்று நடந்தது. மாணவர்கள் அதைப் ‘பிளாஸ்மா’ என்பார்கள். திரையில் பேசியவர் தம் வேகத்தில் பேசி முடித்துவிட்டுப் போனார். கேட்டவர்கள் புரியாத இடத்தில் கை தூக்க வழியில்லை. ஆகவே என் வகுப்பில் இருந்தவர்கள் நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள், ஆனால் அதில் ஒரு கேள்வி கேட்டுப் பழகாதவர்கள். முதல் மாதம் முழுவதும் அறுபத்தைந்து பேரும் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். வேலூரில் பத்துப் பத்து ரூபாயாக நானே வசூலித்தது அது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அந்த மாணவர்களுக்கு ஆங்கிலத்தின்மேல் பயம் இருந்தது, தம் மொழியைப் பற்றிய கூச்சம் இல்லை. 1896-இல் அட்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு அது. 1936 முதல் 1941 வரையிலான ஆக்கிரமிப்பைத் தவிர அந்நியர் ஆட்சியை அது அறியாது. ஆங்கிலம் பேசியவர்கள் அவர்களை ஆண்டதில்லை. ஆங்கிலம் தெரியாதவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம், நம்மிடம் புரையோடியிருக்கும் அளவுக்கு அங்கே நான் காணவில்லை. அதைக் கண்டபோதுதான் நாம் எவ்வளவு சுமக்கிறோம் என்பது உறைத்தது.

அந்தத் தாள் இரண்டாம் மாதத்தில் வந்தது. தேர்வுக்கு முந்தைய நாள் நடந்ததை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவர் ‘மை பிரதர் செட் தட் ஐ வில் ஹெல்ப் யூ’ என்று எழுதியிருந்தார். உதவி செய்வதாகச் சொன்னவர் அண்ணன். குடியாத்தத்துப் பிள்ளை எழுதும் அதே வாக்கியத்தை, தமிழ் என்ற பெயரையே கேட்டிராத ஒருவர் எப்படி எழுத முடியும்? அவரைக் கூப்பிட்டு, இதை உன் மொழியில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். அவர் சொன்னார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று மாலையே கடைத்தெருவில் குழந்தைகளுக்கான எழுத்து அட்டை ஒன்றை வாங்கி, அந்நாட்டின் பொதுமொழியான அம்ஹாரிக் படிக்கத் தொடங்கினேன்.

நமக்கு ‘க, கா, கி, கீ’ போல அவர்களுடைய எழுத்துக்கும் வரிசை உண்டு. ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவங்கள். விடுதியின் காவலாளியிடமும் தேநீர்க்கடைப் பெண்ணிடமும் கேட்டுக் கேட்டு ஆறு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அங்கே குழந்தைகள் முதலில் படிக்கும் வாக்கியம் ‘அபெபெ பெஸோ பெல்லா’. பெஸோ என்பது வறுத்த வாற்கோதுமை மாவு; பெல்லா என்றால் தின்றான். அபெபெ மாவு தின்றான். அதைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழ்ச் சொல்லை எழுதினேன். எழுவாய்க்குக் கீழே எழுவாய், செயப்படுபொருளுக்குக் கீழே செயப்படுபொருள், கடைசியில் வினைக்குக் கீழே வினை. மூன்றாவது வரியில் ஆங்கிலத்தை எழுதியபோது அதில் மட்டும் வினை நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோணலாக இருந்தது தாங்களல்ல, அந்த மூன்றாவது வரிதான் என்பது போல இருந்தது அந்தச் சிரிப்பு. அதற்குப் பின் அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

கற்கக் கற்க ஒப்புமை பெருகிக்கொண்டே போனது. ‘பெல்தோ ஹேதெ’ என்றால் தின்றுவிட்டுப் போனான். நம் வினையெச்சம் அப்படியே நிற்கிறது. ‘நேற்று வந்த மாணவர்’ என்று நாம் சொல்லும் வரிசையிலேயே அவர்களும் பெயருக்கு முன்னால் எச்சத்தை வைக்கிறார்கள். பசியை ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் சொல்வது போல, பசி தம்மேல் வந்து சேர்வதாகத்தான் அவர்களும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது ‘பிலோ’ என்ற சொல். ‘பயம்’ என்பதில் வரும் ஒலியோடு அதன் முதலெழுத்தைச் சொல்ல வேண்டும். அதன் பொருள் ‘சொல்லி’. ‘வருவான் என்று நினைத்தான்’ என்பதை அவர்கள் ‘வருவான் பிலோ நினைத்தான்’ என்று சொல்கிறார்கள். நம் ‘என்று’ என்பதும் ‘என்’ என்ற, சொல்லுதலைக் குறிக்கும் வினையின் எச்சம்தானே? அண்ணன் சொன்னதை அண்ணனின் வாயாலேயே, ‘நான் உதவுகிறேன்’ என்று உள்ளபடி சொல்லிவிட்டு, பின்னால் ஒரு ‘என்று’ வைத்து மூடிவிடுவது இரண்டு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தின் ‘தட்’ அப்படி மூடுவதில்லை. அது சொன்னவரின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி நம் வாயில் வைக்கச் சொல்கிறது. இதைச் சொன்னபோது அந்த மாணவர் தம் தாளை வாங்கிப் பார்த்து, தாமே ‘ஐ’யை அடித்து ‘ஹி’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் பேசும்போது அண்ணன் தள்ளி நின்றுவிடுகிறார் என்று அவர் சொன்ன விளக்கத்தை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

எல்லாம் ஒன்றுபோல இருந்ததாக யாரும் எண்ண வேண்டாம். செயப்பாட்டுவினை நமக்குப் பெரிய மலை. ‘உண்ணப்பட்டது’ என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கோ ‘பெல்லா’வின் முன்னால் ஒரு ‘தெ’ சேர்த்தால் ‘தெபெல்லா’, உண்ணப்பட்டது. அன்றாடப் பேச்சிலேயே அது உண்டு. ஆகவே நான் மூன்று வாரம் ஒதுக்கியிருந்த பாடம் மூன்றே நாளில் முடிந்தது. மறுபக்கம், வகுப்பில் பாதிப்பேருக்குத் தாய்மொழி ஒரோமோ. அந்த மொழியை 1991 முதல் இலத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து, தொண்டையில் காற்றை அடைத்து வெடிக்கவிடும் ஒரு ‘த்’ ஒலியைக் குறிக்கும். ஆங்கில எழுத்துகள் அவர்களுக்கு முன்பே அறிமுகம், ஆனால் வேறு ஒலிகளோடு அறிமுகம். அதை அறியாதவருக்கு அவர்களுடைய எழுத்துப் பிழைகள் கவனக்குறைவாகவே படும்.

அந்த வெடிப்பொலி எனக்கு வரவேயில்லை. அம்ஹாரிக்கில் ‘நல்லது’ என்பதற்குச் சொல் ‘திரு’. நம் காதுக்கு நம் ‘திரு’வேதான், ஆனால் முதல் ஒலி வெடிக்க வேண்டும். நல்ல கட்டுரைகளின் கீழே அந்தச் சொல்லை எழுதி, வகுப்பில் வாய்விட்டும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் அறுபத்தைந்து பேரும் திருத்துவார்கள். பதிலுக்கு நான் ‘பழம்’ என்ற சொல்லைச் சொல்லச் சொல்வேன், அவர்கள் திணறுவார்கள். ஆசிரியர் தவறாக உச்சரித்தும் வகுப்பு நடக்கிறது என்பதைப் பார்த்தபின், தவறாக ஆங்கிலம் பேசும் தைரியம் அவர்களுக்கு வந்தது. ஓராண்டில் நான் கையாண்ட வழிகளிலேயே மிகவும் பயன்பட்டது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாடநூலில், ஒரு செயல்முறையை விளக்கி எழுதும் பயிற்சிக்கு விமான நிலையத்தில் பயணச்சீட்டு பெறுவது எப்படி என்று கொடுத்திருந்தார்கள். வகுப்பில் ஒருவர்கூட விமானம் ஏறியதில்லை. நான்கு வரிக்கு மேல் எவராலும் எழுத முடியவில்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் வீட்டில் காப்பி எப்படிப் போடுவார்கள் என்று எழுதச் சொன்னேன். மறுநாள் இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று தாள்கள் வந்தன. தரையில் பசும்புல் பரப்பப்படுகிறது. பச்சைக் கொட்டை கழுவப்பட்டு இரும்புத் தட்டில் வறுக்கப்படுகிறது. வறுபட்ட புகை விருந்தினர் முகத்தருகே கொண்டுவரப்படுகிறது. உரலில் இடிக்கப்பட்டு, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துள்ள மண்கூஜாவில் கொதிக்க வைக்கப்படுகிறது. பிடியில்லாத சிறு கிண்ணங்களில் மூன்று முறை ஊற்றப்படுகிறது: முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா, அதாவது ஆசி. ஒரு பெண், மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்து போகிறவர் ஆசியை விட்டுவிட்டுப் போகிறார் என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தில் ஒரு பிழைகூட இல்லை. சொல்ல ஒன்று இருந்தால் இலக்கணம் தானாகப் பின்னால் வருகிறது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2013-இல் திரும்பிவிட்டேன். அபராதம் வசூலிக்கும் கல்லூரிகளில் சேரக்கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக வைத்துக்கொண்டு வேலை தேடினேன்.

இப்போது என் வகுப்பில் விமான நிலையம் கிடையாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் பிள்ளைகள் அதே வட ஆற்காட்டுப் பிள்ளைகள்தான். லுங்கி பாவு ஓட்டுவது, பீடி சுற்றுவது, தோல் பதனிடுவது எல்லாம் அவர்கள் வீட்டிலும் தெருவிலும் பார்த்தவை. சென்ற ஆண்டு பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, அவருடைய அப்பா வேலை செய்யும் தோல் தொழிற்சாலையைப் பற்றி எழுதினார். தோல் நீரில் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்பில் இடப்பட்டு, மயிர் நீக்கப்பட்டு, குரோமியக் கரைசலில் சுழற்றப்பட்டு, நீல நிறத்தோடு வெளிவருவதை வரிசையாகச் சொல்லியிருந்தார். ‘வெட் புளூ’ என்ற சொல்லை அவருக்கு நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய அப்பா நாள்தோறும் வீட்டில் சொல்லும் சொல் அது. ஆனால் அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘மை ஃபாதர் செட் தட் ஐ வில் நாட் சென்ட் யூ தேர்’ என்று இருந்தது.

கரும்பலகைக்கு வந்தேன். ‘அனுப்பமாட்டேன் என்று சொன்னார்’ என்று எழுதி, ‘என்று’வுக்குக் கீழே கோடிட்டேன். வகுப்பில் தெலுங்கு பேசுபவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கேட்டபோது ‘அனி’ என்றார்கள், அதுவும் சொல்லுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். பிறகு அந்த மாணவியைப் பார்த்து, உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்றேன். அவர் தயங்கினார். “மேடம், எங்க வீட்ல பேசுறது சரியான உருது இல்ல. சொந்தக்காரங்களே சிரிப்பாங்க” என்றார். பரவாயில்லை, சொல்லும்மா என்றேன். மிகத் தாழ்ந்த குரலில் “போல்கே” என்றார். போல்கே என்றால் சொல்லி. வடக்கத்தி உருதுக்காரர்கள் சிரிக்கும் அந்தச் சொல், தமிழோடும் தெலுங்கோடும் நூற்றாண்டுக் கணக்காக ஒரே தெருவில் வாழ்ந்த தக்கனி உருது தனக்கென்று செய்துகொண்ட ‘என்று’. அதைப் பெரிதாகக் கரும்பலகையில் எழுதினேன். அதன்கீழே ‘பிலோ’ என்று எழுதி, அது எந்த நாட்டுச் சொல், அங்கே அதை யார் எனக்குச் சொல்லித்தந்தார்கள் என்பதைச் சொன்னேன்.

நான்கு சொற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மணி அடித்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த மாணவி நோட்டில் நான்கையும் எழுதிக்கொண்டு, “மேடம், கடைசிச் சொல்ல அவங்க எழுத்துல எழுதிக் காட்டுங்க” என்றார். இரண்டே எழுத்துதான். எழுதிப் பழகிப் பல ஆண்டாகிவிட்டதால், கோடு கோடாக, மெதுவாக எழுதினேன்.